தோழனுக்குக் காப்பாளர்

2012ஆம் ஆண்டு மே மாதம் 30ஆம் நாள், அமெரிக்க நாட்டின் சின்சினாட்டி நகரில் ஜாக் ட்வைமன் என்பவர் தமது 78ஆம் வயதில் இரத்தப் புற்றுநோயால் காலமானார். கூடைப்பந்து ஆட்டத்தில் அவர் குவித்த புள்ளிகள் 15,840. அந்நாட்டின் தலைசிறந்த ஆட்டக்காரர்களைப் பொறுக்கியெடுத்து ஆண்டுதோறும் நடத்தப்பெறும் சிறப்பு ஆட்டத்துக்கு ஆறு முறை தெரிந்தெடுக்கப்பட்டவர் அவர். ஆயினும் அவருடைய மறைவுச் செய்தியை எழுதியவர்கள் இந்த எண்களை விரைந்து சொல்லிவிட்டு, 42 ஆண்டுகளுக்கு முன்பே மறைந்துபோன மாரீஸ் ஸ்டோக்ஸ் என்ற வேறொரு மனிதரின் வரலாற்றுக்குத் திரும்பினார்கள். ஒருவரின் வாழ்க்கையைச் சொல்ல வேண்டுமானால் மற்றொருவரின் வாழ்க்கையையும் சொல்லியே தீரவேண்டும் என்ற நிலை கணவன் மனைவியருக்கு நேரும், உடன்பிறந்தோருக்கு நேரும். மூன்றே ஆண்டுகள் ஓர் அணியில் சேர்ந்து ஆடிய இருவருக்கு நேர்வது அரிது.

ட்வைமன் துறவியல்லர். மனைவி, ஒரு மகன், மூன்று மகள்கள் என வாழ்ந்த இல்லறத்தார். ஆட்டமில்லாத மாதங்களில் காப்பீட்டு முகவராக வீடு வீடாகச் சென்றவர். பிற்காலத்தில் உணவுப்பொருள் மொத்த வணிகத்தில் பெரிய பொறுப்பு வகித்தவர். அவருடைய கதையைச் சொல்பவர்கள் ‘நல்ல சமாரியர்’ என்ற ஒரே தொடரில் அவரை அடக்கிவிடுவதுண்டு. அது பிழையன்று. ஆனால் அந்த உவமையில் நாம் விரைந்து கடந்துவிடும் ஓர் இடம் இருக்கிறது. சமாரியர் காயங்களைக் கட்டியதோடு நிற்கவில்லை. சாவடிப் பொறுப்பாளரிடம் இரு தெனாரியம் கொடுத்து, அதற்கு மேல் ஆகும் செலவைத் தாம் திரும்பி வரும்போது தருவதாக ஏற்றுக்கொள்கிறார். திரும்பி வந்தாரா, எத்தனை முறை வந்தார், கணக்கு எவ்வளவு ஆயிற்று என்பதையெல்லாம் லூக்கா எழுதவில்லை. ட்வைமனுடைய வாழ்வில் 12 ஆண்டுகள் நற்செய்தியாளர் எழுதாமல் விட்ட அந்த இடத்தில்தான் கழிந்தன.

இருவரும் பென்சில்வேனியா மாநிலத்தின் பிட்ஸ்பர்க் நகரத்துப் பிள்ளைகள். எஃகு ஆலைகளின் புகையில் வளர்ந்த நகரம் அது. ஸ்டோக்ஸ் 1933இல் அந்நகரை அடுத்த ராங்கின் என்னும் சிற்றூரில் பிறந்தார். கறுப்பினத்தவர், தந்தை எஃகு ஆலைத் தொழிலாளி. ட்வைமன் வெள்ளையர், ஓராண்டு இளையவர். தெ லா சால் சகோதரர்கள் நடத்திய மத்திய கத்தோலிக்க உயர்நிலைப் பள்ளியில் பயின்றார். அப்பள்ளியின் கூடைப்பந்து அணியில் சேர அவர் மூன்று ஆண்டுகள் முயன்று மூன்று முறையும் தள்ளப்பட்டு, இறுதியாண்டில்தான் இடம் பெற்றார் என்பது அவரைப் பற்றி நாம் மறக்கக்கூடாத ஒரு செய்தி. எளிதில் கைவிடுகிறவராக அவர் ஒருபோதும் இருந்ததில்லை.

ட்வைமன் சின்சினாட்டிப் பல்கலைக்கழகம் சென்றார். ஸ்டோக்ஸ் சென்றது லொரேட்டோ என்னும் மலையூரில் இருந்த புனித பிரான்சிஸ் கல்லூரிக்கு. இந்த ஊரைப் பற்றி ஒரு சொல் சொல்லாமல் கடந்துபோக மனம் வரவில்லை. இரஷ்ய இளவரசர் குடும்பத்தில் பிறந்து, அரச வாழ்வைத் துறந்து, 1795இல் பால்டிமோர் நகரில் குருவாகத் திருநிலைப்படுத்தப்பட்ட தெமெத்ரியுஸ் கலித்சின் அடிகளார் 1799இல் காட்டுக்கு நடுவே கட்டியெழுப்பிய கத்தோலிக்கக் குடியிருப்பு அது. இத்தாலியின் லொரேட்டோ திருத்தலத்தை நினைந்து அதற்குப் பெயரிட்டார்கள். 1847இல் அயர்லாந்திலிருந்து வந்த பிரான்சிஸ்கன் சகோதரர்கள் அறுவர் அங்கே தொடங்கிய பள்ளியே பின்னாளில் கல்லூரியாயிற்று. வெளியுலகம் அதிகம் அறியாத அந்தச் சிறு கல்லூரியின் பெயர் 1955இல் நாடெங்கும் நாளேடுகளில் வந்ததற்குக் காரணம் ஸ்டோக்ஸ். நியூயார்க்கில் நடைபெற்ற அழைப்புப் போட்டியில் அவருடைய கல்லூரி நான்காம் இடத்தையே பெற்றது. ஆனால் போட்டியின் சிறந்த ஆட்டக்காரர் என்ற சிறப்பை நடுவர்கள் நான்காம் இடம் பெற்ற அணியைச் சேர்ந்த அவருக்கே அளித்தார்கள்.

அவ்வாண்டிலேயே இருவரையும் ராச்செஸ்டர் ராயல்ஸ் என்ற தொழில்முறை அணி எடுத்துக்கொண்டது. தேசியக் கூடைப்பந்துச் சங்கத்தில் கறுப்பின ஆட்டக்காரர்கள் ஆடத் தொடங்கி அப்போது ஐந்து ஆண்டுகளே ஆகியிருந்தன. ஸ்டோக்ஸ் தம் முதல் ஆட்டத்திலேயே 32 புள்ளிகள் எடுத்தார். கூடையில் விழாமல் தெறித்த பந்தை 20 முறை கைப்பற்றினார். குருமடத் திடலில் மாலைதோறும் இந்த ஆட்டத்தை ஆடிய நமக்கு ஒன்று தெரியும்: பந்தைக் கூடைக்குள் எறிபவனுக்குக் கைதட்டல் உண்டு, தெறித்து வரும் பந்துக்காக முழங்கைகளுக்கிடையே எழும்பி நிற்பவனுக்கு அவ்வளவாக இல்லை. ஸ்டோக்ஸ் இரண்டாவது வகையில் மன்னர். 1956-57ஆம் பருவத்தில் அவர் இவ்வாறு கைப்பற்றியவை 1,256. அதுவரை எவரும் எட்டாத எண்ணிக்கை அது. ட்வைமன் முதல் வகையைச் சேர்ந்தவர். தொலைவிலிருந்து குறிபார்த்து எறிபவர். ஒருவர் பந்தை மீட்டுத் தர, மற்றவர் அதைக் கூடையில் சேர்ப்பார். 1957இல் அணி சின்சினாட்டிக்குக் குடிபெயர்ந்தது. கல்லூரி நாள்களிலேயே அந்த நகரத்தவராகிவிட்ட ட்வைமன் ஆண்டு முழுவதும் அங்கேயே வசித்தார். மற்றவர்கள் பருவம் முடிந்ததும் அவரவர் ஊருக்குப் போய்விடுவார்கள். இந்தச் சிறு வேறுபாடு பின்னால் பெரிதாயிற்று.

1958 மார்ச் 12. பருவத்தின் கடைசி ஆட்டம் மின்னியாப்பொலிஸ் நகரில் நடந்தது. கூடையை நோக்கிப் பாய்ந்த ஸ்டோக்ஸ் இடிபட்டு, தலை தரையில் மோத விழுந்து நினைவிழந்தார். மூக்கருகே நெடியுப்பைக் காட்டி எழுப்பினார்கள். எழுந்தார், மீண்டும் ஆடினார். அக்காலத்தில் அதுவே வழக்கம். தலையில் அடிபட்டவரை ஆட்டத்திலிருந்து விலக்கிச் சோதித்த பின்னரே மீண்டும் அனுமதிக்க வேண்டும் என்ற முறையான விதியை அச்சங்கம் கொண்டுவந்தது 2011இல்தான். அதாவது 53 ஆண்டுகள் கழித்து. மூன்று நாள் சென்று, மார்ச் 15ஆம் நாள், டெட்ராய்ட் நகரில் ஆடி 12 புள்ளிகள் எடுத்துவிட்டு, தோழர்களோடு விமானத்தில் திரும்பும்போது ஸ்டோக்ஸின் உடல் துவண்டது. வியர்த்துக் கொட்டியது, வலிப்பு வந்தது, நினைவு தப்பியது. சின்சினாட்டி விமான நிலையம் ஓஹாயோ ஆற்றுக்கு அப்பால் கென்டக்கி மாநிலத்தில் உள்ளது. ஆகவே அருகிலிருந்த கவிங்டன் நகரின் புனித எலிசபெத் மருத்துவமனைக்குக் கொண்டுசென்றார்கள். அது பிரான்சிஸ்கன் அருட்சகோதரிகள் 1861இல் தொடங்கிய மருத்துவமனை. தவக்காலத்தின் ஒரு சனிக்கிழமை இரவு அது. 24 வயது, ஏறத்தாழ இரண்டு மீட்டர் உயரம். வாரக்கணக்கில் ஆழ்ந்த மயக்கத்தில் கிடந்து அவர் கண்விழித்தபோது கைகால்களை அசைக்க முடியவில்லை, பேச முடியவில்லை. தலைக்காயத்தினால் மூளையின் இயக்கத் தொகுதி சிதைந்துவிட்டது என்று மருத்துவர்கள் கண்டார்கள். அறிவோ முழுமையாக இருந்தது. தமக்கு என்ன நேர்ந்தது என்பதை அறிந்துகொள்ளவும் அதை எவரிடமும் சொல்ல இயலாமல் கிடக்கவும் போதுமான அளவு முழுமையாக இருந்தது.

அடுத்து வந்தது பணம். இதைச் சொல்லும்போது நாம் சற்று நின்று நிதானிக்க வேண்டும். அக்காலத்துத் தொழில்முறை ஆட்டக்காரர்களுக்கு ஓய்வூதியம் இல்லை. மருத்துவக் காப்பீடும் இல்லை. ஆடுகிற வரையில் ஊதியம், ஆடாதவருக்கு ஒன்றுமில்லை. ஸ்டோக்ஸ் சேர்த்து வைத்திருந்த பணம் சின்சினாட்டி வங்கியில் கிடந்தது. ஆனால் கையொப்பமிட இயலாதவரின் கணக்கிலிருந்து பணம் எடுப்பது எப்படி? பெற்றோர் தொலைவில் பிட்ஸ்பர்க்கில் இருந்தார்கள். மருத்துவமனைச் செலவு நாளுக்கு நாள் ஏறிக்கொண்டிருந்தது. நீதிமன்றம் நியமிக்கும் காப்பாளர் ஒருவர், அதுவும் உள்ளூரில் இருப்பவர், தேவைப்பட்டார். பருவம் முடிந்து தோழர்கள் ஊர் திரும்பியிருந்தனர். நகரில் எஞ்சியிருந்தவர் ட்வைமன். அவருக்கு அப்போது வயது 23.

அவர் நீதிமன்றத்துக்குச் சென்று விண்ணப்பித்தார். ஸ்டோக்ஸின் சட்டப்படியான காப்பாளராக நியமிக்கப்பட்டார். பிற்காலத்தில் சிலர் ‘தத்தெடுத்தார்’ என்று எழுதினார்கள். அப்படி எழுதுவது கதைக்கு மெருகூட்டலாம், உண்மைக்குப் பொருந்தாது. ஸ்டோக்ஸுக்குத் தாயும் தந்தையும் இருந்தார்கள். அவர்களுடைய இடத்தை ட்வைமன் எடுத்துக்கொள்ளவில்லை. அவர் ஏற்றுக்கொண்டது உணர்ச்சி குறைந்த, வேலை மிகுந்த ஒரு பொறுப்பு: கணக்கு எழுதுவது, கையொப்பமிடுவது, மருத்துவர்களிடம் பேசுவது, கடன்காரர்களுக்குப் பதில் சொல்வது. ஓராண்டு இளையவர் மூத்தவருக்குக் காப்பாளரானார். ஏன் செய்தீர்கள் என்று கேட்டவர்களுக்கு ட்வைமன் ஏறத்தாழ எப்போதும் ஒரே விடையைத்தான் தந்தார்: யாராவது ஒருவர் செய்தாக வேண்டியிருந்தது, அங்கே இருந்தது நான் ஒருவன்தான் என்பார். இதில் தன்னடக்கம் உண்டு, உண்மையும் உண்டு. குருவும் லேவியரும் அந்த வழியே தற்செயலாய் வந்தார்கள் என்றுதானே உவமையும் சொல்கிறது? வழியில் இருப்பது எல்லாருக்கும் நேர்கிறது.

காப்பீட்டு முகவராயிருந்த ட்வைமனுக்குப் படிவங்களின் உலகம் பழக்கமானது. தோழனுக்கு நேர்ந்தது விதியன்று, வேலையின்போது தொழிலாளி ஒருவருக்கு ஏற்பட்ட காயம் என்று அவர் வாதிட்டார். தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின்கீழ் ஸ்டோக்ஸுக்கு உதவி கிடைக்க வேண்டும் என்று போராடினார். ஓர் ஊரில் விழுந்ததற்கும் மூன்று நாள் கழித்து வேறிடத்தில் வந்த வலிப்புக்கும் தொடர்பு உண்டென்று நிறுவ வேண்டியிருந்தது. பந்து விளையாடுகிறவனும் தொழிலாளிதான் என்பதை ஏற்கச் செய்ய வேண்டியிருந்தது. இறுதியில் வென்றார்.

இந்த வெற்றியே அவர் வாழ்வின் மிகப் பெரிய ஆட்டம் என்பது நம் எண்ணம். திருத்தந்தை பதின்மூன்றாம் சிங்கராயர் தொழிலாளர் நிலை பற்றிய தம் சுற்றுமடலை வெளியிட்டது 1891 மே மாதம். விபத்து, நோய், முதுமை ஆகியவற்றில் தொழிலாளிக்கு உதவ நிதி இருக்க வேண்டும் என்று அதில் எழுதினார். அதே ஆண்டு டிசம்பரில்தான் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டு நகரில், இறையியலும் பயின்றவரான ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்ற ஆசிரியர், இரண்டு பழக்கூடைகளை மாட்டிக் கூடைப்பந்தைத் தோற்றுவித்தார். இரண்டுக்கும் தொடர்பில்லை, ஆண்டு மட்டுமே ஒன்று. ஆயினும் 67 ஆண்டுகளுக்குப் பின் ஒரு மருத்துவமனைக் கட்டிலருகே இரண்டும் சந்தித்தன என்று சொல்லத் தோன்றுகிறது. ஆட்டக்காரர்களுக்கான ஓய்வூதியம் தானாக வந்துவிடவில்லை. 1964 ஜனவரியில் பாஸ்டன் நகரில், சிறப்பு ஆட்டம் தொடங்கும் நேரத்தில், ஓய்வூதியத்துக்கு உறுதி தராவிட்டால் களமிறங்க மாட்டோம் என்று ஆட்டக்காரர்கள் உடைமாற்று அறையிலேயே அமர்ந்துவிட்ட பின்னரே வந்தது. ட்வைமனின் இரக்கத்தைப் புகழ்வது எளிது. அத்தனை பெரிய இரக்கம் தேவைப்படும்படி ஒரு தொழிலை நடத்திய ஏற்பாட்டைப் பற்றி நாம் பேசாமல் விட்டால், அந்தப் புகழ்ச்சி சற்று மலிவானதாகிவிடும்.

இழப்பீடு கிடைத்தும் செலவுக்குப் போதவில்லை. ஆண்டுக்கு ஒரு லட்சம் டாலர் வரை ஆயிற்று என்பது ட்வைமனின் கணக்கு. நன்கொடைகளைத் திரட்டினார். நியூயார்க் மாநிலத்தின் கேட்ஸ்கில் மலையில், யூதக் குடும்பம் ஒன்று நடத்திவந்த கட்ஷர்ஸ் என்ற தங்கும் விடுதியின் திடலில், ஸ்டோக்ஸின் மருத்துவச் செலவுக்காக ஆண்டுதோறும் கோடையில் ஆட்டம் ஒன்று நடத்தப்பட்டது. வில்ட் சேம்பர்லின் உள்ளிட்ட பெரும் பெயர் பெற்றவர்கள் ஊதியமின்றி வந்து ஆடினார்கள். ஸ்டோக்ஸ் மறைந்த பின்னும் அந்த ஆட்டம் நிற்கவில்லை. வறுமையுற்ற பழைய ஆட்டக்காரர்களுக்கு உதவுவதற்காகத் தொடர்ந்தது.

அது எந்தக் காலம் என்பதையும் நினைக்க வேண்டும். ஸ்டோக்ஸ் விழுவதற்கு ஆறு மாதங்களுக்கு முன்புதான், 1957 செப்டம்பரில், லிட்டில் ராக் நகரில் ஒன்பது கறுப்பின மாணவர்கள் ஒரு பள்ளிக்குள் நுழைவதற்கு இராணுவத்தின் துணை வேண்டியிருந்தது. பொது இடங்களில் நிற வேற்றுமையைத் தடைசெய்யும் சட்டம் வந்தது 1964இல். ஓஹாயோ ஆற்றின் ஒரு கரை ஒரு காலத்தில் அடிமைமுறை இருந்த கென்டக்கி. மறுகரை தப்பியோடியவர்கள் நாடி வந்த சின்சினாட்டி. அந்த ஆற்றங்கரையில் ஒரு வெள்ளையர், ஒரு கறுப்பினத்தவருக்குச் சட்டத்தின் முன் பொறுப்பாளராய் நின்றார். இதைப் பெரிய கொள்கை முழக்கமாக அவர் ஆக்கியதில்லை. நோயுற்றிருந்தவன் தோழன் என்பதற்கு மேல் அவர் விளக்கம் தரவில்லை.

இனி அந்த இல்லத்தைப் பற்றி. ஒருவர் காப்பாளராகும்போது நீதிமன்றம் அவர் ஒருவரின் பெயரைத்தான் எழுதுகிறது. சுமக்கிறது என்னவோ வீடு முழுவதும். ட்வைமனின் மனைவி கேரல் இந்தப் பொறுப்பில் தொடக்கத்திலிருந்தே உடன் நின்றார். புதிதாய்த் தொடங்கிய குடும்பம். ஆண்டில் பாதி நாள் ஊர் ஊராய்ப் பயணம் போகும் கணவர். ஊரில் இருக்கும் நாள்களிலும் மருத்துவமனை, வழக்கு, நன்கொடைக் கடிதங்கள். எந்த இல்லத்தரசியும் முகஞ்சுளிக்கக் காரணம் இருந்தது. நம் பங்குகளில் நீண்டநாள் நோயாளிகள் உள்ள வீடுகளுக்கு நற்கருணை எடுத்துச் செல்லும்போது நாம் காண்பதுண்டு: கட்டிலில் கிடப்பவரைச் சுற்றி வீட்டின் நேரமே மாறியிருக்கும்; சமையல், உறக்கம், பிள்ளைகளின் விளையாட்டு எல்லாம் அந்தக் கட்டிலைக் கேட்டே நடக்கும். ட்வைமன் இல்லத்தில் கட்டில் வீட்டுக்குள் இல்லை. நகரின் மறுமூலையில் இருந்தது. ஆனாலும் பிள்ளைகள் மாரீஸைக் குடும்பத்தில் ஒருவராக அறிந்தே வளர்ந்தார்கள். குடும்பத்தைக் கைவிட்டுப் பிறர் பணி செய்கிறவர்களை நாம் கண்டதுண்டு; குடும்பத்தைக் காரணம் காட்டிப் பிறர் பணியைக் கைவிடுகிறவர்களையும் கண்டதுண்டு. ட்வைமன் தோழனைத் தம் குடும்பத்துக்குள்ளேயே கொண்டுவந்துவிட்டார்.

பேச்சிழந்தவரோடு பேசுவது எப்படி? ட்வைமன் ஆங்கில எழுத்துகளை ஒவ்வொன்றாகச் சொல்வார். வேண்டிய எழுத்து வந்ததும் ஸ்டோக்ஸ் கண்ணிமைப்பார். அந்த எழுத்தைக் குறித்துக்கொண்டு மறுபடி முதலிலிருந்து தொடங்குவார். இவ்வாறு எழுத்து எழுத்தாய் ஒரு சொல். சொல் சொல்லாய் ஒரு வாக்கியம். 26 எழுத்துகளை எத்தனை முறை திரும்பத் திரும்பச் சொன்னால் ஒரு சிறு செய்தி கிடைக்கும் என்று எண்ணிப் பாருங்கள். இயன்முறை மருத்துவம் ஆண்டுக்கணக்கில் நடந்தது. சோர்வும் வலியும் மிகுந்த பயிற்சி. விரல்களில் சற்றே அசைவு வந்தபோது ஸ்டோக்ஸ் தட்டச்சு செய்யக் கற்றார். அவர் தட்டிய முதல் செய்தி ஜாக்குக்கு: உனக்கு நான் எவ்வாறு நன்றி சொல்வேன் என்று கேட்டிருந்தார். பின்னர் மண்பாண்டம் வனைந்தார், ஓவியம் தீட்டினார்.

ஆனால் நன்றி ஒரு திசையில் மட்டும் செல்லவில்லை. மனம் தளர்ந்த நாள்களில் தாம் மாரீஸைப் பார்க்கப் போவதுண்டு என்றும், ஒவ்வொரு முறையும் தம்மைத் தேற்றி அனுப்பியவர் அவரே என்றும் ட்வைமன் பல முறை சொல்லியிருக்கிறார். நம்முடைய உதவிக் கதைகளில் உதவி பெறுபவர் பெரும்பாலும் பேசாமலே இருந்துவிடுகிறார். கட்டிலில் ஒரு உருவம், அவ்வளவுதான். ஸ்டோக்ஸ் அப்படி இல்லை. வாய் பேசாதவராயினும் அந்த அறையில் நகைச்சுவையும் பிடிவாதமும் அவருடையவையே. எழுந்து நடப்பேன் என்ற நம்பிக்கையோடு அவர் பயின்றார். நடக்கவில்லை. ஆனால் தம்மைக் காண வந்தவரைத் துயரத்தோடு திரும்பிப்போக விடவில்லை.

இத்தனைக்கும் நடுவே ட்வைமன் ஆடிக்கொண்டுதான் இருந்தார். ஸ்டோக்ஸ் இல்லாத அணி 1958-59ஆம் பருவத்தில் 72 ஆட்டங்களில் 53இல் தோற்றது. அடுத்த பருவத்தில் ட்வைமன் ஆட்டத்துக்குச் சராசரியாக 31.2 புள்ளிகள் எடுத்தார். ஒரு பருவத்தில் சராசரி 30ஐத் தாண்டிய முதல் இருவர் அவரும் சேம்பர்லினுமே. 1960 ஜனவரியில் மின்னியாப்பொலிஸ் அணிக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் 59 புள்ளிகள் எடுத்தார். 1966இல் ஓய்வு பெற்றார். தொலைக்காட்சியில் வர்ணனையாளரானார்.

ஸ்டோக்ஸ் 1970 ஏப்ரல் 6ஆம் நாள் மாரடைப்பால் இறந்தார். உயிர்ப்புப் பெருவிழா கழிந்து எட்டு நாள்கள் ஆகியிருந்தன. அவருக்கு வயது 36. தம்மை லொரேட்டோவில் அடக்கம் செய்ய வேண்டும் என்று கேட்டிருந்தார். அவ்வாறே தம் கல்லூரி வளாகத்தில், பிரான்சிஸ்கன் துறவியரின் கல்லறைத் தோட்டத்தில், அவர்கள் நடுவே உறங்குகிறார். ஒரு மாதம் கழித்து, மே 8ஆம் நாள், நியூயார்க்கில் புகழ்பெற்ற இறுதி ஆட்டம் ஒன்று நடந்தது. காலில் காயமுற்ற வில்லிஸ் ரீட் ஆடமாட்டார் என்று எல்லாரும் எண்ணியிருக்க, அவர் நொண்டியபடி களத்துக்கு வந்தார். அதை நாட்டுக்கு முதலில் அறிவித்த தொலைக்காட்சிக் குரல் ட்வைமனுடையது. எழுந்து வரமாட்டார் என்று நினைத்த ஒருவர் எழுந்து வருவதைச் சொன்ன அந்தக் குரலுக்குரியவர் முப்பத்திரண்டு நாள்களுக்கு முன்பு யாரை இழந்திருந்தார் என்பது கேட்டவர்களில் எத்தனை பேருக்கு நினைவிருந்ததோ!

இருவருடைய கதையும் 1973இல் திரைப்படமாயிற்று. ட்வைமன் உணவுப்பொருள் மொத்த வணிகத்தில் இறங்கி, டேட்டன் நகரைச் சார்ந்த ஒரு நிறுவனத்தின் தலைமைப் பொறுப்பில் நெடுங்காலம் இருந்தார். 2013இல் தேசியக் கூடைப்பந்துச் சங்கம் ‘ட்வைமன் - ஸ்டோக்ஸ்’ என்று இருவர் பெயராலும் ஒரு விருதை ஏற்படுத்தியது. மிகுதியாகப் புள்ளி எடுத்தவருக்கல்ல, சிறந்த தோழருக்கு உரிய விருது அது, தேர்ந்தெடுப்பவர்கள் ஆட்டக்காரர்களே.

ஸ்பிரிங்ஃபீல்டு நகரில் நெய்ஸ்மித்தின் பெயரால் அமைந்த புகழ்மண்டபத்தில் ட்வைமனுக்கு 1983இல் இடம் கிடைத்தது. ஸ்டோக்ஸுக்குக் கிடைக்கவில்லை. மூன்றே பருவங்கள், 202 ஆட்டங்கள். அது போதாது என்று கருதியவர்கள் இருந்தார்கள். ட்வைமன் விடவில்லை. பள்ளி அணியில் நான்காம் ஆண்டுதான் இடம் பெற்ற அவருக்குக் காத்திருப்பது புதிதன்று. ஸ்டோக்ஸ் இறந்து 34 ஆண்டுகள் கழித்து, 2004இல், புகழ்மண்டபம் அவரையும் ஏற்றுக்கொண்டது. எழுபது வயதான ட்வைமன் மேடையேறி, தோழனின் பெயரால் அந்தச் சிறப்பைப் பெற்றுக்கொண்டார்.